போனில் ஒரு கணக்கு, டேப்லெட்டில் ஒரு கணக்கு: எந்த சேவ் செல்லும்?

சோழிக்காரன்:
நாங்கள் இரண்டு பேர் சேலத்தில் உட்கார்ந்து ஒரு பல்லாங்குழி கேம் செய்துகொண்டிருக்கிறோம். 14 குழி, 90 லெவல், ஜெயித்தால் காயின் கிடைக்கும், காயின் கொடுத்துப் புதுப் பலகை வாங்கலாம். இப்போது போனில் ஆடியதை டேப்லெட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர வைக்க வேண்டும். ஆட்டத்தை ஆன்லைனில் சேமித்து வைக்கும் கூகுள் பிளே கேம்ஸில் ஒரு சேவுக்கு 3 எம்பி வரை இடம் தருகிறார்கள், எங்கள் மொத்தத் தரவே 40 கேபி தாண்டாது. கடைசியாக எதில் சேவ் ஆனதோ அதுதான் செல்லும், பழையதன் மேல் எழுதிவிடலாம் என்கிறேன் நான். கூட்டாளி ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். உங்கள் கருத்து?

மலைக்காபி:
உங்கள் கூட்டாளி பக்கம்தாங்க நான். போன மே மாதம் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டில் ஒரு வாரம் இருந்தோம், அங்கே சிக்னலே கிடையாது. என் பெண் என் போனில் ஒரு புதிர் கேமில் 39-இல் இருந்து 62-ஆவது லெவல் வரை போய்விட்டாள். கிளம்பும் நாள் போனைத் தொடவில்லை. அன்று காலையில் வீட்டில் அவள் அண்ணன் டேப்லெட்டில் அதே கேமை இரண்டு நிமிஷம் திறந்து மூடியிருக்கிறான், அவ்வளவுதான். நாங்கள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்ததும் சிக்னல் வந்தது, அவள் ஆசையாகத் திறந்தாள், ஒரு வட்டம் சுற்றியது, 62 போய் 39 வந்து நின்றது. சேலம் ஐந்து ரோடு வரும்வரை அழுதாள். டேப்லெட் சேவ்தான் கடைசி, அதனால் உங்கள் விதிப்படி எல்லாமே சரியாகத்தான் நடந்திருக்கிறது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அஸ்தம்பட்டி வாசி:
கடைசி சேவ் முறை மோசம், சரி. ஆனால் அடுத்து யாராவது வந்து இரண்டையும் கலந்துவிடு என்பார்கள், அது அதைவிட ஆபத்து. சர்வரில் ஒவ்வொரு சேவுக்கும் ஒன்று கூடும் ஒரு பதிப்பு எண் வையுங்கள். போன் 17-ஆம் பதிப்பை எடுத்துக்கொண்டு போய் ஆடியது, திரும்பி வரும்போது சர்வரில் 18 இருக்கிறது என்றால் எழுத விடாதீர்கள், மோதல் என்று நிறுத்தி ஆடுபவரிடமே கேளுங்கள். 'போன்: லெவல் 62. டேப்லெட்: லெவல் 39. எது வேண்டும்?' அவ்வளவுதான். கூகுளிலேயே அதிக நேரம் ஆடியதை எடு, அதிகம் முன்னேறியதை எடு, சமீபத்தியதை எடு, இல்லை நீயே பார்த்துக்கொள் என்று வழிகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் டீம், எளிமையாகப் போங்கள் தம்பி.

செவ்வாய்ப்பேட்டை:
அண்ணா, எதைத் தேர்ந்தாலும் மற்றதில் ஆடியது போய்விடுகிறதே? நான் மண்டிக் கடையில் வளர்ந்தவள். இரண்டு கிளையில் வியாபாரம் நடந்தால் சாயங்காலம் ஒரு கிளை நோட்டைக் கிழித்துப் போடமாட்டோம், இரண்டு நோட்டின் வரவு செலவையும் பேரேட்டில் ஏற்றுவோம். காயினும் அப்படித்தான். இரண்டிலும் 500 இருந்தது. போனில் 120 சம்பாதித்து 300-க்குப் பலகை வாங்கியாகிவிட்டது, இருப்பு 320. டேப்லெட்டில் 80 சம்பாத்தியம், இருப்பு 580. பெரியதை எடு என்றால் 580, பலகை இலவசம்! வரவு செலவாகப் பார்த்தால் 500, கூட்டல் 120, கழித்தல் 300, கூட்டல் 80, ஆக 400. இதுதான் நியாயம். லெவலுக்கு இதுவும் வேண்டாம், எதில் முடித்திருந்தாலும் முடித்தது முடித்ததுதான், நட்சத்திரத்தில் அதிகமானதை எடுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் கண்டிப்பாக வேண்டும். வளைவில் பஸ் திரும்பும்போது 120 வரவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், 'கிடைத்தது' என்ற பதில் வருவதற்குள் சிக்னல் போய்விடும், போன் மறுபடி அனுப்பும். எண் இல்லாவிட்டால் அது 240 ஆகிவிடும்.

அஸ்தம்பட்டி வாசி:
இரண்டு கருவியிலும் நெட் இல்லாமல் செலவு செய்தால்? 500-இல் ஒன்றில் 400, இன்னொன்றில் 300. இருப்பு மைனஸ் 200. வாங்கின பலகையைப் பிடுங்குவீர்களா? அப்புறம் இன்னொன்று. ஒருவர் 'முதலிலிருந்து தொடங்கு' அழுத்தி எல்லாவற்றையும் அழிக்கிறார், மறுநாள் பழைய டேப்லெட் விழித்துக்கொண்டு முடித்த லெவல் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். அமேசான் 2007-இல் டைனமோ என்ற தன் தரவுச் சேமிப்பு முறை பற்றிக் கட்டுரை வெளியிட்டபோதே, வாடிக்கையாளரின் ஷாப்பிங் கூடையின் இரண்டு பிரதிகளைக் கலக்கும்போது நீக்கிய பொருள் திரும்பி வரலாம் என்று எழுதிவிட்டார்கள். அவர்களுக்கே அந்த நிலை.

செவ்வாய்ப்பேட்டை:
அழித்தலுக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு முறை முதலிலிருந்து தொடங்கும்போதும் ஆட்ட எண்ணை ஒன்று கூட்டுங்கள், ஆட்டம் 2 என்று வந்துவிட்டால் ஆட்டம் 1-இன் பதிவுகளைச் சேர்க்காதீர்கள். மைனஸ் பிரச்சினை உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். நான் பலகையைப் பிடுங்கமாட்டேன், காயின் பூஜ்யம் என்று காட்டி அடுத்து வரும் வரவில் கழித்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள், போனின் கடிகாரத்தை நம்பாதீர்கள். கேமில் தோற்றால் குறையும் உயிர் சீக்கிரம் நிரம்பட்டும் என்று பிள்ளைகள் தேதியை நாளைக்குத் தள்ளி வைப்பது ஊர் அறிந்த வித்தை. அந்த சேவ் நாளைய தேதியோடு வந்து எல்லாவற்றையும் ஜெயித்துவிடும். கடிகாரம் இல்லாமலே எது முன், எது பின் என்று எண்களால் வரிசைப்படுத்த லாம்போர்ட் என்ற கணினி விஞ்ஞானி 1978-லேயே வழி சொல்லிவிட்டார்.

சோழிக்காரன்:
கடிகாரம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, எங்கள் கேமிலும் உயிர் நேரத்தில்தான் நிரம்புகிறது. சரி, என் யோசனையை விட்டுவிடுகிறேன். லெவலைச் சேர்த்துக்கொள்வது, காயினுக்குப் பேரேடு. ஒலி, மொழி மாதிரி அமைப்புகள் அந்தந்தக் கருவியிலேயே இருக்கட்டும், போனில் சத்தத்தைக் குறைத்தால் டேப்லெட்டில் குறைய வேண்டிய அவசியம் இல்லை. மைனஸ் பெரிதாக வராமல் இருக்க 200-க்கு மேல் விலையுள்ள பலகைகளை நெட் இருந்தால்தான் வாங்க முடியும் என்று வைக்கலாமா?

மலைக்காபி:
எஸ்டேட்டில் ஒரு வாரம் சேர்த்து வைத்த காயினோடு அந்தப் பெண் என்ன செய்வாள்? எனக்கு இது பிடிக்கவில்லை. பூஜ்யம் காட்டிப் பிறகு வரவில் கழித்துக்கொள்ளும் கடன் முறையே மேல்.

அஸ்தம்பட்டி வாசி:
இங்கே எனக்கு சோழிக்காரன் சொல்வதுதான் சரி. கடன் இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பீர்கள், ஜெயித்தும் காயின் ஏறவில்லை என்றால் கேம் கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கும். எந்த வழியில் போனாலும் கலப்பதற்கு முன்னால் இருந்த கடைசி பத்து சேவ்களையும் சர்வரில் அழிக்காமல் வையுங்கள், தம்பி. 40 கேபி வீதம் பத்து என்றால் ஆளுக்கு 400 கேபிதான். கலப்பதில் தப்பு நடந்தால் திருப்பிக் கொடுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

சோழிக்காரன்:
அதை முதலில் எழுதிவிடுகிறேன் அண்ணா, இன்றைக்கே.