சைக்கிள் சக்கரத்தில் ‘டிஷ்’: தமிழில் என்ன?

> கிண்ணக்குழிவு என்று வைக்கலாமா?

வணக்கம். வேண்டாம். டிஷ் என்பது, ரிம் நடுவில் நிற்பதற்காகச் சக்கரத்தின் இரு பக்கக் கம்பிகளும் வெவ்வேறு சாய்வில் அமைவது. கிண்ணக்குழிவு என்றால் ரிம் நெளிந்துவிட்டது என்றே படிப்பவர் நினைப்பார். இங்கே எதுவும் நெளியவில்லை. பின்சக்கர ஹப்பில் (சக்கரத்தின் நடுவிலுள்ள குடம்) வலப்புறம் கேசட்டுக்கு (கியர் பல்சக்கர அடுக்கு) இடம் விட வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தில் கம்பிகளைக் கோக்கும் ஹப் விளிம்பு நடுக்கோட்டை நெருங்கிவிடுகிறது. ரிம்மோ அச்சின் இரு பக்கத்து லாக்நட்டுக்கும் (பூட்டு நட்டு) சரிநடுவில் நின்றாக வேண்டும். ஆகவே வலப்பக்கப் போக்ஸ் கம்பிகள் செங்குத்தாக, இறுக்கமாக, பெரும்பாலும் ஒன்றிரண்டு மி.மீ. குட்டையாக அமைகின்றன. இடப்பக்கம் தொய்வு. நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) தானாகக் கழல்வதும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

ஆங்கிலத்தில் அமைப்புக்கும் செயலுக்கும் ஒரே சொல். நாம் பிரித்துக்கொள்வோம். அமைப்புக்கு ‘குடவிலக்கம்’, மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் செருகும் இடம் குடம்தானே. செயலுக்கு ‘நடுவாக்கல்’. கடையில் ‘சென்டர் பண்ணு’ என்பதும் இதைத்தான். ‘பெண்டு எடுப்பது’, அதாவது ரிம் நெளிவை நீக்குவது, வேறு வேலை.

எழுதிப் பார்க்கிறேன்: “கியர் வண்டியை ஒற்றைக் கியராக்கும்போது, அச்சிலுள்ள ஸ்பேசர்களை (இடைவெளி வளையங்கள்) இடம் மாற்றியதும் சக்கரத்தை மறுபடி நடுவாக்கவும். சக்கரத்தைத் திருப்பி மாட்டும்போது ரிம் 4 மி.மீ. தள்ளி நின்றால் பிழை 2 மி.மீ. மட்டுமே. ரிம் வலப்புறம் ஒதுங்கியிருந்தால் முதலில் வலப்பக்க நிப்பிள் அத்தனையையும் அரைச் சுற்று தளர்த்தி, பிறகு இடப்பக்கத்தை அரைச் சுற்று இறுக்கவும்.” ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக்காற்றில் நிப்பிள் பிடித்திருக்கும். முந்தின இரவே ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் அதன் சதுர முனை மழுங்கிவிடும்.

---

> அமைப்புக்கு ‘குடவிலக்கம்’

நடுவாக்கல் நன்று. குடவிலக்கம் ஒப்பவில்லை. குடம் எங்கும் விலகவில்லை, விளிம்புகள்தான் நடுவிலிருந்து சமதூரத்தில் இல்லை. வலவிளிம்பு 17 மி.மீ., இடவிளிம்பு 36 மி.மீ. என்று வையுங்கள்: இடப்பக்க இழுவிசை வலப்பக்கத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாக இருந்தால்தான் ரிம் நடுவில் நிற்கும். இதை விலக்கம் என்றால், கற்பவர் அதைப் பிழை என்று எண்ணி இரு பக்கமும் சமமாக இறுக்கப் பார்ப்பார்; ரிம் இடப்புறம் போய்விடும்.

‘விளிம்பு வேறுபாடு’ சொல்லலாம். ஆனால் ரிம்மையும் பலர் விளிம்பு என்றே எழுதுகிறார்கள், குழப்பும். ‘சாய்வு வேறுபாடு’ பொருந்துகிறது, சாய்வது கம்பிதான். வரையறையில் ‘வலப்பக்கம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். டிஸ்க் பிரேக் வைத்த முன்சக்கரத்தில் இறுக்கம் இடப்பக்கம்.

கலைச்சொல் பட்டியலில் இப்போதைக்கு நடுவாக்கலை மட்டும் ஏற்றுங்கள்.