பல்லுக்கு மரப்பு ஊசி போட்டதும் பால் கொடுத்தேன்

பால் கொடுக்கும் பெண்கள் பல்வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதைக் கடலூரில் நிறையப் பார்த்துவிட்டேன். மரப்பு ஊசி மருந்து பாலில் இறங்கிவிடும் என்ற பயம்தான் காரணம்.

என் மகனுக்கு நான்கு மாதம் ஆனபோது எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீழ் வைத்துக் கன்னம் வீங்கியது. "ஊசி போட்டால் ஒருநாள் முழுக்கப் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும்" என்றார் மாமியார். அது பேரன் மேல் உள்ள அக்கறை. ஆனால் மஞ்சக்குப்பத்தில் நான் முதலில் போன பல் மருத்துவமனையிலும், "பால் மறக்கடித்த பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. சீழ் பிடித்த பல்லோடு அதுவரை எப்படி இருப்பது?

புதுச்சேரியில் அக்கா வீட்டுக்குப் போய் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். பொறுமையாக விளக்கினார். மருந்து லிக்னோகெய்ன். பல்லுக்குப் போடும் அளவில் பாலில் சேர்வது மிகச் சொற்பம். குழந்தை குடித்தாலும் அதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். தாயின் இரத்தத்தில் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கூடச் சேர்க்கும் அட்ரீனலின் நம் உடம்பிலேயே சுரப்பதுதான். சில நிமிடங்களில் அழிந்துவிடும். "தேவைப்பட்டால் பச்சிளம் குழந்தைகளுக்கே இந்த மருந்தைப் போடுகிறோம், அம்மா" என்றார்.

ஈறில் சுருக்கென்று ஒரு குத்து. கீழுதடும் பாதி நாக்கும் மரத்துப்போயின. வெளியே வந்ததும், அக்கா மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தவனை வாங்கி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே பால் கொடுத்தேன். உச்சியில் முத்தமிட்டபோது அவன் முடி என் உதட்டில் பட்டதுகூடத் தெரியவில்லை. அவனோ வழக்கம்போலக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், கையில் தையல் போட இதே ஊசி போட்டபோது, யாரோ சொன்னதைக் கேட்டுப் பால் கொடுப்பதை நிறுத்தினார். மார்பில் பால் கட்டிக் காய்ச்சலே வந்துவிட்டது. ஊசியால் வராத துன்பம் பயத்தால் வந்தது.

உண்மையில் கவனிக்க வேண்டியது பிறகு எழுதித் தரும் வலி மாத்திரையைத்தான். பாராசிட்டமால், இபுபுரூஃபென் பொதுவாகப் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றவை. கோடீன், ட்ராமடால் வேண்டாம். பால் குடிக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்திருக்கிறது. சீட்டை வாங்கியதும் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று மருத்துவரிடமே கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் அதை ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.