சலத்தில் ரத்தம், கையில் ஒற்றை வரித் துண்டு: யூரோலஜி டொக்டரிடம் போனவர்கள் சொல்லுங்கள்

நிலாவெளி மகள்:
அப்பாவுக்குச் சலத்தோடு ரத்தம் போனது. வலியோ எரிவோ இல்லை. கிருமி என்று மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. திரும்ப வந்தபோது எங்கள் குடும்ப டொக்டர், சலவழி நோய்களைப் பார்க்கும் யூரோலஜி டொக்டருக்குத் துண்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தந்தார். சானல் பண்ணிப் போன அன்று ரத்தம் இல்லை. அங்கே உறையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன், "சலப் பிரச்சினை, பார்க்கவும்" என்று ஒரே வரி. நான் பக்கத்தில் இருந்த வெட்கத்தில் அப்பா, "இப்ப ஒண்டும் இல்லை சேர்" என்றார். ஆறு மாதம் கழித்து வரச்சொல்லி அவர் எழுதத் தொடங்கிவிட்டார். நான் போனைத் திறந்து, வீட்டில் போத்தலில் பிடித்த சலத்தின் படத்தை நீட்டினேன். பிளேன்டீ நிறம். பேனா நின்றது. "ஐயா, சிகரெட் குடிப்பீங்களா?" என்று கேட்டார். அப்பா இளவயதிலிருந்தே பீடி. அடுத்த கிழமையே கமரா விட்டுப் பார்த்தார்கள். சலப்பையில் கட்டி. வெட்டி எடுத்தாயிற்று, அப்பா நடமாடுகிறார். ஆனால் அந்தப் படத்தை நான் எடுக்காமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் தூங்க விடுவதில்லை.

கிண்ணியா தம்பி:
அக்கா, எங்களுக்குத் துண்டுக்கே நேரமிருக்கவில்லை. வாப்பாவுக்கு இரவு முழுக்கச் சலம் இறங்கவில்லை, அடிவயிறு வீங்கி இறுகிவிட்டது. விடியட்டும், குடும்ப டொக்டரிடம் போவோம் என்று உம்மா சொன்னா. நான் ஓட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சலத்தை இறக்கும் குழாய், கதீற்றர், போட்டுப் பை நிறைய நிறைய வாப்பாவின் முகம் மாறியதே, அதை மறக்க முடியாது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி, புரொஸ்டேட், வீங்கியிருக்கிறது என்றார்கள். அடுத்த நாளே வெளியில் ஒரு லாப்பில் பி.எஸ்.ஏ. என்ற புரொஸ்டேட் ரத்தப் பரிசோதனை செய்தோம். கூடுதலாக வந்து வீடே அழுதது. கண்டி வரை கூட்டிப்போய்க் காட்டினோம், புற்றுநோய் இல்லை.

உப்புவெளி நேர்ஸ்:
தம்பி, அந்தப் பரிசோதனையை அந்த நேரத்தில் செய்திருக்கவே கூடாது. சலம் அடைத்தாலும், கதீற்றர் போட்டாலும், கிருமி இருந்தாலும் பி.எஸ்.ஏ. ஏறும். கிருமி மாறி 6 கிழமையாவது போன பிறகுதான் அந்த எண்ணை நம்பலாம். வீணாக அழுதிருக்கிறீர்கள்.

நிலாவெளித் தங்கச்சி, டொக்டரை மட்டும் குறை சொல்லாதீர்கள். நான் குடும்ப டொக்டர் ஒருவரிடம் வேலை செய்தவள். ஒரு ஐயா நாரி வலி என்று வந்து, மருந்தும் வாங்கி, வெளியே போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, சலமும் சிவப்பாத்தான் போகுது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். டொக்டரிடம் சொல்லவேயில்லை. இப்படி எத்தனை பேர்!

அதனால் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். துண்டு எழுதும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். ரத்தம் எப்போது தொடங்கியது, கண்ணுக்குத் தெரிந்ததா, வலி உண்டா, புகைப்பழக்கம் உண்டா, என்னென்ன மாத்திரை குடிக்கிறார், எல்லாம் அதில் இருக்கவேண்டும். சலப் பரிசோதனை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ரிப்போர்ட் எது இருந்தாலும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வோபரின், அஸ்பிரின் குடிப்பதால்தான் ரத்தம் என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள், அவர்களுக்கும் தேடிப் பார்க்கத்தான் வேண்டும். 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் காரணம் தெரியாமல் கண்ணுக்குத் தெரிய ரத்தம் போனால், கிருமியும் இல்லையென்றால், அவசரமாக அனுப்பு என்பதுதான் பிரிட்டன் வழிகாட்டி. நின்றுவிட்டது என்று விடக்கூடாது. இன்னொன்று, புரொஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் குடிப்பவர்கள் கட்டிலிலிருந்து சட்டென்று எழும்பவேண்டாம், தலை சுற்றும். கண்ணில் வெண்புரை ஒபரேசன் என்றால் அந்த மாத்திரையைப் பற்றிக் கண் டொக்டருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

நிலாவெளி மகள்:
அக்கா, திரும்ப வந்ததும் அனுப்பியவரே அவர்தான், அதற்கு நன்றி இருக்கிறது. ஆனால் ஒட்டிய உறைக்குள் என்ன இருக்கிறது என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? "ரத்தம்" என்ற ஒரு சொல்லையாவது எழுதியிருக்கலாம். அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

மூதூர் வாசகன்:
ஆண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். டியூசனில் இருந்து வந்த மகன் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தான், சத்தியும் எடுத்தான். குடும்ப டொக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தார். விதை முறுகியிருந்தது, வெட்கத்தில் வயிறு என்று சொல்லியிருக்கிறான். டொக்டர் பேனாவை எடுக்கவேயில்லை, போனை எடுத்தார். வார்டுக்குப் பேசிவிட்டு, "ஸ்கேன் அது இது என்று நிற்காதீங்க, வலி தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள்ள ஒபரேசன் நடக்கவேணும், தண்ணியும் குடுக்காதீங்க, ஓடுங்க" என்றார். அன்றிரவே முறுக்கை எடுத்து, திரும்ப முறுகாதபடி மற்றப் பக்க விதையையும் தைத்துவிட்டார்கள். பிள்ளை இப்போது பந்தடிக்கிறான்.