அறுவைசிகிச்சை முடிந்து 18 நாள்: சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது, ஏப்பம் வரவில்லை. தையல் விட்டிருக்குமா?

இரவுவிழிப்பு (கேள்வி)

வயது 46. 18 நாளுக்கு முன் லேப்ராஸ்கோபியில் ஹயாட்டஸ் ஹெர்னியாவைச் சரிசெய்து, கூடவே ஃபண்டோப்ளிகேஷனும் (உணவுக்குழாயைச் சுற்றி இரைப்பையை மடித்துத் தைப்பது) செய்தார்கள். டிஸ்சார்ஜ் தாளில் "டூபே, 270 டிகிரி" என்று இருக்கிறது, அதாவது முக்கால் சுற்று மடிப்பு. இரைப்பையின் மேல்பகுதி 4 செ.மீ. நெஞ்சுக்குள் ஏறியிருந்ததாம். அதற்கு முன் 6 வருடம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினேன். படுத்தால் புளித்த நீர் தொண்டை வரை வரும், இருமலோடு எழுந்துவிடுவேன்.

முதல் 10 நாள் மிக நன்றாகப் போனது. திரவ உணவு மட்டும்தான். தோள்பட்டை வலி 4 நாள் படுத்தியது, பிறகு தானாகப் போய்விட்டது. மூன்றாம் இரவே மட்டமாகப் படுத்துத் தூங்கினேன். காலையில் எழுந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

15-ஆம் நாளிலிருந்து மென்மையான உணவு சாப்பிடலாம் என்று தாளில் இருந்தது. பசியில் அவித்த முட்டையும் ரொட்டித் துண்டும் சாப்பிட்டேன். நான்காவது வாயில் மார்பெலும்பின் கீழ்முனையில் கல்லை வைத்ததுபோல் நின்றுவிட்டது. தள்ளிவிடலாம் என்று தண்ணீர் குடித்தேன். அதுவும் இறங்கவில்லை. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறியது. இரண்டு முறை ஓங்கரித்தேன். 40 நிமிடம் கழித்துத்தான் ஏதோ திறந்ததுபோல் இறங்கியது.

அன்றிலிருந்து மசித்த உணவுகூடத் தயங்கித் தயங்கித்தான் போகிறது. மாலையில் வயிறு பறை மாதிரி உப்புகிறது, ஏப்பம் வரவே மாட்டேன் என்கிறது. நேற்று தொண்டையில் பழைய எரிச்சல் கொஞ்சம் தெரிந்தது. ஓங்கரித்ததில் தையல் விட்டுவிட்டதோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை. அடுத்த செக்கப்புக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது. அதுவரை காத்திருக்கலாமா?

வார்டுசெவிலி

அண்ணா, அறுவைசிகிச்சை வார்டில் 11 வருடமாக இருக்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். எச்சில் இறங்குகிறதா? வெறும் தண்ணீரைச் சின்ன மடக்காகக் குடித்தால் போகிறதா? காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சில் கடும் வலி, கருப்பு மலம், கெண்டைக்காலில் வீக்கம் ஏதாவது உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலும், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டே இருக்கும் நிலை வந்தாலும், இங்கே பதிலுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், உங்கள் கதை எனக்குப் பழக்கமானதுதான். உணவுக்குழாயின் அடிமுனையைச் சுற்றி இரைப்பையை மடித்துத் தைத்திருக்கிறார்கள். உதரவிதானத்தில் அகன்றுபோன துளையையும் தையல் போட்டுச் சுருக்கியிருக்கிறார்கள். அடிபட்ட கை வீங்குவதுபோல அந்த இடமும் உள்ளே வீங்கியிருக்கும். அந்த வீக்கம் வடிய 6 வாரம் ஆகலாம், சிலருக்கு 12 வாரம்கூட ஆகும். அதுவரை பாதை குறுகல்தான்.

ஆனால் ஓங்கரித்ததை மட்டும் 10 நாள் கழித்துச் சொல்லாதீர்கள். வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறினால் புதுத் தையலுக்கு நல்லதல்ல. அதனால்தான் வார்டிலேயே குமட்டலுக்கு முன்கூட்டி மருந்து கொடுக்கிறோம். இன்றே சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்து, எந்த நாள், எத்தனை முறை, அதற்குப் பின் என்ன மாற்றம் என்று அப்படியே சொல்லுங்கள். செக்கப்பை முன்கூட்டியே வைக்கச் சொல்லிக் கேட்கலாம், அதில் தயக்கம் வேண்டாம்.

மாலைநேரம்

எனக்கும் இப்படி அடைத்தது. ஒரு பெரிய டம்ளர் வெந்நீரை ஒரே மூச்சில் குடித்தேன், தள்ளிக்கொண்டு போய்விட்டது. முயன்று பாருங்கள்.

வார்டுசெவிலி

மாலைநேரம், உங்களுக்கு நல்லபடியாக முடிந்தது சந்தோஷம். ஆனால் இதை யாரும் செய்ய வேண்டாம். கீழே வழி அடைத்திருக்கும்போது மேலே தண்ணீரை ஊற்றினால் அது அடைப்பின்மேல் நிற்கும், பிறகு வாந்தியாகத்தான் திரும்பும். நாம் எதைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதுவே நடக்கும். அடைத்தால் கரண்டியை வைத்துவிட வேண்டும். எழுந்து நின்று, தோளைத் தளர்த்தி, மூக்கால் மெதுவாக மூச்சுவிட்டபடி கொஞ்சம் நடக்க வேண்டும். இறங்கிய பிறகும் அந்த வேளை உணவு அவ்வளவுதான். அடுத்த வேளைக்குத் திரவம் மட்டும்.

இரவுவிழிப்பு

எச்சில் இறங்குகிறது. தண்ணீர் சின்ன மடக்காகப் போகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. 5 கிலோ எடை குறைந்திருக்கிறேன். போன் செய்துவிட்டேன், நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை திரவ உணவுக்கே திரும்பச் சொன்னார்கள். மனது கொஞ்சம் அடங்கியது. மிக்க நன்றி அக்கா.

வலி மாத்திரையை உடைத்துப் போடலாமா? முழுதாக விழுங்கவே பயமாக இருக்கிறது.

வார்டுசெவிலி

எல்லா மாத்திரையையும் உடைக்கக் கூடாது. மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்யும் வகையையும், வயிற்று அமிலத்தில் கரையாதபடி பூச்சு போட்ட வகையையும் பொடித்தால் மருந்தின் வேலையே மாறிவிடும். மருந்தாளரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். பல மருந்துகள் சிரப்பாகவோ தண்ணீரில் கரையும் மாத்திரையாகவோ கிடைக்கும். வலி மருந்தால் மலச்சிக்கல் வந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். முக்குவதும் தையலுக்கு ஆகாது.

நடைப்பயணி

எனக்கு அறுவைசிகிச்சை முடிந்து 2 வருடமாகிறது. 360 டிகிரி முழுச்சுற்று. உங்கள் பதிவைப் படித்ததும் என் மூன்றாவது வாரத்துக்கே திரும்பிப் போனதுபோல் இருந்தது.

தாளில் "மென்மையான உணவு" என்று இரண்டே சொல் இருக்கும். அந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ரொட்டி கைக்கு மென்மைதான். ஆனால் எச்சிலோடு சேர்ந்ததும் பிசைந்த மாவு உருண்டையாகிவிடும், குறுகிய வழியில் அதைவிட மோசமாக அடைப்பது எதுவும் இல்லை. அவித்த முட்டையின் மஞ்சள் கரு காய்ந்த பொடி, அதுவும் அப்பிக்கொள்ளும். நார் நாரான இறைச்சியும் இந்தக் கூட்டம்தான். எனக்கு ரொட்டி கடைசியாகத்தான் திரும்பி வந்தது, 10-ஆவது வாரத்தில். ஈரமாக, வழவழப்பாக, நாக்காலேயே மசிக்க முடிகிற பதத்தில் இருப்பதுதான் நமக்கு மென்மை. தாளில் இருக்கிற நாட்கணக்கு எல்லாருக்குமான சராசரி. உங்கள் தொண்டைக்கு அந்தத் தேதி தெரியாது. அடைத்தால் ஒரு படி கீழே இறங்கி 4, 5 நாள் இருந்துவிட்டு மறுபடி ஏறுங்கள். நான் அப்படி மூன்று முறை இறங்கி ஏறினேன்.

சாப்பிட உட்கார்ந்தால் தேக்கரண்டிதான், பெரிய கரண்டி வேண்டாம். ஒரு வாய் விழுங்கியதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன், அது இறங்குவது தெரிந்த பிறகே அடுத்தது. கால் கிண்ணம் சாப்பிட அரைமணி நேரம் ஆகும், ஒரு நாளைக்கு 6 வேளை. எனக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகவே ஆகாது, உணவுக்குழாய் சுருட்டிப் பிடிப்பது போலாகிவிடும். வெதுவெதுப்பானது இதமாக இருந்தது.

ஏப்பத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அடைப்பைவிட அதுதான் அதிக வேதனை. வருடக்கணக்கில் எதுக்களிப்போடு வாழ்ந்தவர்கள் நமக்கே தெரியாமல் ஒரு பழக்கத்தைப் பிடித்திருப்போம். தொண்டையில் எரிச்சல் வந்ததும் எச்சிலை விழுங்கி விழுங்கி அதைக் கீழே அனுப்புவோம், ஒவ்வொரு முறையும் காற்றும் சேர்ந்து போகும். முன்பு அந்தக் காற்று ஏப்பமாக வெளியேறிவிடும். இப்போது கதவு இறுகியிருக்கிறது, பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பயந்தால் இன்னும் அதிகமாக விழுங்குவோம். நீங்கள் இரவெல்லாம் விழித்துக் கவலைப்பட்டேன் என்கிறீர்களே, அந்த நேரத்தில் எத்தனை முறை வெறும் எச்சிலை விழுங்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன், திகைத்துப்போனேன். பற்களுக்கு நடுவே நாக்கைத் தளர்வாக வைத்து, மூக்கால் வயிறு நிறைய மூச்சு விடப் பழகினேன். இரண்டு வாரத்தில் உப்புசம் பாதியாகக் குறைந்தது.

ஸ்ட்ரா, சோடா வகைப் பானங்கள், சூயிங் கம், சாப்பிடும்போது பேச்சு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாப்பிட்டதும் 15 நிமிட மெதுநடை. காற்று மேலே போகாவிட்டால் கீழ்வழியாகத்தான் போகும், அதைக் கூச்சப்பட்டு அடக்காதீர்கள். மருத்துவரைக் கேட்டு சிமெத்திகோன் என்ற வாயு மருந்து எடுத்தேன், ஓரளவு உதவியது.

மறுபாதி

எல்லாருக்கும் தானாகச் சரியாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். எனக்குச் சரியாகவில்லை. 3 மாதம் தாண்டியும் மசித்த உணவுதான், 14 கிலோ இறங்கிவிட்டேன். "பொறுத்துக்கொள்" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், நானும் பொறுத்தேன். அதுதான் தப்பு. நான்காம் மாதம் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தபோது, மருந்து ஒரு நூலாகத்தான் இறங்கியது. எண்டோஸ்கோபி வழியாக பலூனை விட்டு அந்த இடத்தை இரண்டு முறை விரித்தார்கள். இரண்டாவது முறைக்குப் பின் சாதாரணமாகச் சாப்பிடுகிறேன், எதுக்களிப்பும் திரும்பவில்லை.

நீங்கள் 18-ஆவது நாளில்தான் இருக்கிறீர்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தினமும் எடையையும், எது இறங்கியது எது நின்றது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 3 மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் அந்த நோட்டோடு போய் உட்காருங்கள். என்னிடம் அது இல்லாததால்தான் "கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

முதுநிலைமாணவி

அறுவைசிகிச்சைத் துறையில் முதுநிலைப் பயிற்சியில் இருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் முடிவு எதுவும் சொல்ல மாட்டேன், தொண்டை எரிச்சல் பற்றி மட்டும் ஒரு விஷயம். டிஸ்சார்ஜில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தினார்களா? பேன்டோபிரசோல், ஓமிபிரசோல் போன்றவற்றை நீண்ட நாள் எடுத்துவிட்டு நிறுத்தினால், அடக்கிவைத்த இரைப்பை சில வாரம் வழக்கத்தைவிட அதிகமாக அமிலம் சுரக்கும். ஓங்கரித்ததாலும்கூடத் தொண்டை எரியலாம். எரிச்சல் வந்ததாலேயே மடிப்பு அவிழ்ந்தது என்று ஆகாது. அறிகுறி திரும்பியதாகச் சொல்லி மறுபடி மாத்திரைக்குப் போனவர்களைப் பரிசோதித்தால், பலருக்கு உணவுக்குழாயில் அமில அளவு இயல்பாகவே இருக்கும். சந்தேகம் நீடித்தால் உணவுக்குழாயில் அமிலத்தை அளக்கும் 24 மணிநேர பிஹெச் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

360, 270 என்ற எண்களைப் பலரும் வெற்றி தோல்வி அளவாக நினைக்கிறார்கள். ருடால்ஃப் நிஸ்ஸன் 1956-இல் வெளியிட்ட முறை முழுச்சுற்று. அதில் எதுக்களிப்பு நன்றாக அடங்கும், விழுங்குவதில் சிரமமும் உப்புசமும் கொஞ்சம் கூடுதல். டூபே முறையில் முன்பக்கம் ஒரு பகுதியை மூடாமல் விடுவதால் ஏப்பம் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம். உங்களுக்கு அதுதான் செய்திருக்கிறார்கள்.

இரவுவிழிப்பு

போய்வந்துவிட்டேன். பேரியம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மடிப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இரைப்பை உதரவிதானத்துக்குக் கீழேதான் நிற்கிறது. வெள்ளை மருந்து ஒரு நொடி தயங்கிவிட்டு இறங்குவதைத் திரையில் எனக்கே காட்டினார்கள். வீக்கம்தான், 5 நாள் திரவம், பிறகு கூழ் பதம், ரொட்டி இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். 6 வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று மறுபடி நினைவூட்டினார். அமில மாத்திரையை டிஸ்சார்ஜில் அப்படியே நிறுத்தியிருந்தார்கள். எரிச்சல் அதனால் இருக்கலாம், 3 வாரம் பார்ப்போம் என்றார்.

நடைப்பயணி, நேற்று இரவு எண்ணினேன். 10 நிமிடத்தில் 31 முறை விழுங்கியிருக்கிறேன்.

இரவுவிழிப்பு (43-ஆம் நாள்)

பின்னால் இதே தேடலில் வருபவர்களுக்காக எழுதுகிறேன். திரவத்திலிருந்து கூழுக்கும், அதிலிருந்து மசித்த உணவுக்கும் வர 12 நாள் எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒரே ஒருமுறை அடைத்தது. தண்ணீர் குடிக்கவில்லை, எழுந்து நடந்தேன், 6 நிமிடத்தில் இறங்கியது. இப்போது வேகவைத்த காய்கள், மீன், குழைந்த முட்டை எல்லாம் போகிறது. தொண்டை எரிச்சல் 5-ஆவது வாரத்தில் நின்றது. எடை குறைவதும் நின்றிருக்கிறது, மொத்தம் 7 கிலோ போயிருக்கிறது. ரொட்டியை இன்னும் தொடவில்லை.

மாலை உப்புசம் இருக்கிறது, ஆனால் பெல்ட்டைத் தளர்த்தும் அளவுக்கு இல்லை. விழுங்கும் பழக்கத்தைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது. போன வியாழன் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சின்ன ஏப்பம் வந்தது. புளிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, வெறும் காற்று. மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.