விளையாட்டில் வரும் ‘செட்’டுக்குத் தமிழில் ஒரு சொல்

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், தெகிவளை

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. இங்கே நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து கணினிக்கு ஒரு சாகச விளையாட்டுச் செய்திருக்கிறார்கள். திரையில் வரும் வரிகளைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, இந்த ஒரு சொல்லிலேயே நிற்கிறேன்.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரக்கனை வீழ்த்தினால் ஏதாவது பொருள் விழும்: தலைக்கவசம், கையுறை, இடுப்புப் பட்டி, சப்பாத்து, வாள் என்று. அவற்றில் சில ஒரே பெயரால் உறவுபட்டவை. தனித்தனியே பார்த்தால் பெரிய விசேஷம் இருக்காது. ஒரே பெயருள்ள இரண்டை ஒன்றாக அணிந்தால் கூடுதலாக ஒரு பலன் கிடைக்கும், நான்கை அணிந்தால் இன்னொன்று, எல்லாவற்றையும் அணிந்தால் ஆளே மாறிவிடுவான். பெட்டிக்குள் வைத்திருந்தால் ஒன்றும் கிடையாது, உடம்பில் இருக்க வேண்டும்.

எனக்கு வேண்டியவை: அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர், அதிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், சேர்த்து அணிவதால் வரும் பலனுக்கு ஒரு பெயர். இடம் மிகக் குறைவு. பொருளின் பெயருக்குக் கீழே ஒற்றை வரிதான், அதுவும் சின்ன எழுத்தில். ‘அணி’யைத் தயவுசெய்து தரவேண்டாம். பொருளை உடம்பில் போடும் பொத்தானில் ‘அணி’ என்றும் எடுத்துவிடும் பொத்தானில் ‘கழற்று’ என்றும் ஏற்கெனவே போட்டாயிற்று. ‘அணியை அணி’ என்று ஒரு வரி வருவதை நான் விரும்பவில்லை.

அனுப்பியவர்: விளையாடுகிற தம்பி, வத்தளை

அக்கா, ‘செட்’ என்றே போடுங்கோ. விளையாடுகிற பெடியள் எல்லாரும் ‘ரெண்டு பீஸ்’, ‘நாலு பீஸ்’, ‘செட் உடைக்கிறது’ என்றுதான் கதைக்கிறாங்கள்.

செட் உடைக்கிறது என்றால் என்னவென்று ஐயாமாருக்கு விளங்கப்படுத்துகிறேன், ஏனென்றால் இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. நாலு பீஸ் போட்டுக்கொண்டு நிற்கிறோம். அருமையான தனிக் கையுறை ஒன்று விழுகிறது. அதைப் போட்டால் செட் மூன்றாகும், நாலு பீசுக்கு வந்த பலன் போய்விடும். போடாவிட்டால் பலம் குறைந்த பழைய கையுறையோடேயே இருக்க வேண்டும். கையுறையின் பலத்தையும் போகிற பலனையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதிலேயே இரவு போய்விடும். தமிழில் எந்தச் சொல் வந்தாலும் அதை ‘உடைக்க’ முடிய வேண்டும். உடைக்க முடியாத சொல்லை நாங்கள் வாயில் எடுக்க மாட்டோம்.

இன்னொன்று. 2000 இல் வந்த டியாப்லோ 2 இல் இந்தப் பொருள்களின் பெயர் பச்சை எழுத்தில் வரும். அதற்கு 2001 இல் வந்த விரிவாக்கத்தில் ‘டல் ரஷா’ என்றொரு செட், மந்திரக்காரிக்குரியது. இடுப்புப் பட்டி, கழுத்துத் தாயத்து, முகமூடி, மார்புக் கவசம், கையில் பிடிக்கிற மந்திர உருண்டை, மொத்தம் ஐந்து. தாயத்தும் உருண்டையும் கவசம் இல்லை. அதனால் ‘கவச’ என்று தொடங்குகிற எந்தச் சொல்லும் சரிவராது.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை

> ‘செட்’ என்றே போடுங்கோ

தம்பி பழகியதைச் சொல்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் எழுதும்போது ‘செட்’டா, ‘செற்’றா? ரீச்சர், ரீவி என்று எழுதி வளர்ந்தவர்கள் நாங்கள். பழைய முறைப்படி ‘செற்’ என்று போட்டால் அது தமிழில் வேறெங்கோ கொண்டுபோகும்: செறு, செற்றம், செற்றார், எல்லாம் பகை. ஒன்றுக்கொன்று உறவான பொருள்களுக்குப் பகையின் வேரிலா பெயர் வைப்பது?

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பூவைத் தொடுத்தால் தொடை, தொடலை. மணியைக் கோத்தால் கோவை. இரண்டிலும் ஒரே கருத்துத்தான்: தனித்தனியாகக் கிடந்தவை ஒரு நூலில் ஏறியதும் வேறொன்றாகின்றன. யாப்பிலும் அதுவே. எழுத்து, அசை, சீர், தளை, அடி என்று ஐந்தும் அமைந்த பிறகு ஆறாவதாக வருவது தொடை. மோனையும் எதுகையும் ஓரடியை இன்னோரடியோடு கட்டுகின்றன. தனி அடிக்கு எதுகை உண்டா? அடுத்த அடி வந்து சேர்ந்தால்தானே அடியெதுகை.

சிலம்பையும் நினைத்துப் பாருங்கள். கோவலன் இரண்டில் ஒன்றைத்தான் விற்கக் கொண்டுபோனான். மற்றது கண்ணகியின் கையில் இருந்ததால்தான் அவளால் அரசவையில் வழக்காட முடிந்தது. மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்ற கேள்விக்கு இடம் வந்ததே அதனால்தான். இணையுள்ள பொருளின் பெருமையை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் பரிந்துரை: கோவை. இரண்டே எழுத்து, எந்த வரியிலும் அடங்கும்.

அனுப்பியவர்: கணித ஆசிரியை, பம்பலப்பிட்டி

ஐயா சொன்ன இரண்டு சொல்லையும் நான் தினமும் வகுப்பில் வேறு பொருளில் பாவிக்கிறேன். எங்கள் பாடநூலில் இந்தக் கருத்துக்கே பெயர் ‘தொடை’. அதற்குள் இருப்பவை மூலகங்கள், பகுதியாக எடுத்தால் தொடைப்பிரிவு, இரண்டைச் சேர்த்தால் ஒன்றிப்பு, பொதுவானவை இடைவெட்டு. தெகிவளைத் தங்கச்சி கேட்டதும் இதே கணக்குத்தான். அந்தப் பெயருள்ள ஐந்தும் தொடை, விளையாடுகிறவர் உடம்பில் இருப்பது தொடைப்பிரிவு, பலன் வருவது அந்தப் பிரிவில் எத்தனை மூலகம் என்பதைப் பொறுத்து. இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிற ஒரு சொல்லை விட்டுக்கொடுக்க எனக்குக் கவலைதான்.

ஆனாலும் திரைக்கு அது ஆகாது. ஒவ்வொரு வருடமும் முதல் பாடத்தில் பிள்ளைகள் சிரித்து ஓயும்வரை காத்திருக்கிறேன். இந்த விளையாட்டிலோ தொடைக்குப் போடுகிற கவசம் என்றே தனியாக ஒன்று இருக்கும். ‘தொடைக் கவசம்’ என்றால் எது? ‘தொடையைக் கழற்று’ என்று பொத்தான் வந்தால் என்ன செய்வது?

கோவையும் சிக்கல்தான். அட்சரகணிதத்தில் கோவை என்றால் x-ம் y-ம் உள்ள கோவை. அரச அலுவலகத்தில் கோவை என்றால் அலுமாரியில் இருக்கிற கோவை. ‘கோவையைத் திற’ என்று கணினியில் கண்டால் எனக்கு வாளும் கையுறையும் ஞாபகம் வராது.

அனுப்பியவர்: சென்னையிலிருந்து ஒரு வாசகர்

இங்கே பள்ளிக் கணக்கில் அது ‘கணம்’. ‘அணி’ என்றால் எண்களை நிரை நிரலாக அடுக்கும் பாடம், நீங்கள் தாயம் என்பீர்கள். கணத்தையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பூதகணங்களை வெட்டும் விளையாட்டில் ‘கணம்’ என்று போட்டால் வெட்டுகிறவனையா வெட்டுப்படுகிறதையா சொல்கிறது என்று தெரியாது. ‘தொகுப்பு’ போடலாமே? ‘கோவை’ என்றால் எங்களுக்கு ஊர்.

அனுப்பியவர்: பத்திரிகை உதவி ஆசிரியர், மருதானை

வாசிப்பவருக்கு முதல் பார்வையில் விளங்க வேண்டும், அதுதான் எனக்கு அளவுகோல். செட்டியார் தெருவில் நகை எடுக்கப் போகிறவர்கள் அட்டியலும் தோடும் வளையலும் ஒரே வேலைப்பாட்டில் வேண்டுமென்றால் ‘செட்டா எடுக்கிறம்’ என்பார்கள். கருத்து அப்படியே இதுதான். ஆகவே ‘செட்’ என்ற சொல் மீது எனக்குப் பகை இல்லை.

தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் ‘தொகுதி’. தேர்தல் நினைவு வரும் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். கொழும்பு மத்தியின் பெயரோடு எத்தனை தடவை அந்தச் சொல்லைத் தலைப்பில் போட்டிருக்கிறேன்! அதே பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் சமிபாட்டுத் தொகுதி, நரம்புத் தொகுதி என்றும் போடுகிறோம். ஒரு வாசகரும் குழம்பியதில்லை. பலனுக்கு ‘போனஸ்’ போதும். விகிதாசாரத் தேர்தல் வந்த நாளிலிருந்து போனஸ் ஆசனம் விளங்காத ஆள் இங்கே இல்லை.

‘பீஸ்’ என்பதைத் ‘துண்டு’ ஆக்கவேண்டாம். வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழும் தொகை என்று எழுதியெழுதி அந்தச் சொல்லுக்கே பற்றாக்குறையின் வாடை வந்துவிட்டது. ‘உருப்படி’ நல்ல சொல். சலவைக்குப் போடும்போது எல்லாரும் எண்ணுவது உருப்படிதானே.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை

உருப்படியை மனதார ஏற்கிறேன். போனஸை ஏற்கமாட்டேன். இலக்கணம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. சிலவற்றை மட்டும் அணிந்தால் வருவது எச்சப் பயன், அனைத்தையும் அணிந்தால் வருவது முற்றுப் பயன். எச்சம் தன் முற்றைத் தேடி நிற்பதுபோல விளையாடுகிறவனும் மிச்சப் பொருளைத் தேடி நிற்கிறான் அல்லவா?

தொகுதி எனக்கு உவப்பில்லை. தொகு என்றால் குவித்தல், நெல்லையும் தொகுக்கலாம், கல்லையும் தொகுக்கலாம். கோத்தலில் உள்ள ஒழுங்கு அதில் இல்லை.

அதோடு, அணிவதால் காவல் தரும் பொருட்கூட்டம் தமிழருக்குப் புதிதா? குழந்தைக்கு ஐம்படைத்தாலி பூட்டினோம். சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில், ஐந்தும் சேர்ந்து ஒரு காப்பு. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் தாலி களையாத வயதிலேயே போருக்கு வந்து நிற்கிறான். அந்தத் தாலி ஐம்படைத்தாலி என்பதே உரை. ஐந்து உருப்படி, உடம்பில் அணிவது, அணிந்தால் காவல். ‘ஐம்படை’யை விடப் பொருத்தம் எது? ‘படை’ என்ற சொல் கருவிக்கும் சேனைக்கும் பொதுவானது. ஆற்றுப்படையில் வருவது வேறு படை, அது படுத்தல், வழிச்செலுத்தல். ஆற்றுப்படையே ஆறுபடையாகத் திரிந்து ஆறு தலங்களைக் குறித்தது என்பாரும் உண்டு. அதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

அனுப்பியவர்: விளையாடுகிற தம்பி, வத்தளை

ஐயா, ஐம்படை கேட்கவே வடிவாக இருக்கிறது. ஆனால் செட்டில் எப்போதும் ஐந்து இல்லையே. டியாப்லோ 3 இல் ஆறு உருப்படிச் செட்தான் பிரதானம், பலன் இரண்டில், நான்கில், ஆறில் வரும். அதற்கு அறுபடை என்று போட்டால் எல்லாரும் திருத்தணிக்குப் போய்விடுவார்கள்.

முற்று, எச்சம் என்பதும் ஆட்டத்தில் நிற்காது. அதே டியாப்லோ 3 இல் ஒரு மோதிரம் இருக்கிறது. அதைப் போட்டால் தேவையான எண்ணிக்கையில் ஒன்று குறையும். ஐந்தை அணிந்தே ஆறுக்குரிய பலனை வாங்கலாம், மிஞ்சிய இடத்தில் வேறு நல்ல பொருளைப் போடலாம். அப்போது அது முற்றா, எச்சமா? 2020 இல் வந்த ஜென்ஷின் இம்பாக்டில் அணிய ஐந்து இடம்: பூ, இறகு, மணற்கடிகை, கிண்ணம், முடியணி. பலன் இரண்டிலும் நான்கிலும் மட்டும்தான். ஐந்தையும் ஒரே செட்டில் போட்டால் ஐந்தாவதுக்குத் தனியாக ஒன்றும் கிடைக்காது. அதனால் அந்த இடத்தில் எது நல்லதோ அதைப் போடுவோம். சிலர் ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் இரண்டு என்று கலந்தும் போடுவார்கள். ‘முழு’ என்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை.

எச்சம் என்றால் பெடியளுக்குக் காகம்தான் ஞாபகம் வரும், குறை நினைக்காதீங்கோ.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், தெகிவளை

எல்லாருக்கும் நன்றி. நேரம் இல்லாததால் முடிவெடுத்துவிட்டேன்.

தொகுதி. மருதானை அண்ணா போகிறபோக்கில் சொன்ன சமிபாட்டுத் தொகுதிதான் என்னைத் திருப்பியது. நம் நாட்டு விஞ்ஞானப் பாடத்தில் தொகுதி என்றால் வெறும் குவியல் இல்லை. இரைப்பையும் குடலும் ஈரலும் தனித்தனி உறுப்புகள், சேர்ந்து வேலை செய்யும்போதுதான் தொகுதி. ஐயா கோத்தலில் கண்ட ஒழுங்கு இந்த வழக்கில் தொகுதிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நெல்லைக் குவித்தால் அதை யாரும் தொகுதி என்பதில்லை. சென்னை நண்பர் சொன்ன ‘தொகுப்பு’ விளையாட்டில் ஏற்கெனவே இருக்கிறது: வீரன் இதுவரை சேர்த்த எல்லாப் பொருளையும் காட்டும் பக்கத்துக்கு அதுதான் தலைப்பு. தான் சேர்த்தது தொகுப்பு, தானாகவே உறவானது தொகுதி, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் குழம்பாது.

பலனுக்குத் ‘தொகுதிப் பயன்’. முழு, முற்று, எச்சம் எதுவும் இல்லாமல் எண்ணை மட்டும் போடுகிறேன். திரையில் இட்டுப் பார்த்தேன், இப்படி வருகிறது:

வேங்கைத் தொகுதி 2/5
2 உருப்படி அணிந்தால்: ஓட்டம் கூடும்
4 உருப்படி அணிந்தால்: அடிபட்டால் உயிர் மீளும்

வரி உடையவில்லை, எழுத்தும் வெட்டுப்படவில்லை. வேங்கைக்குப் பின்னால் வருகிற ‘த்’ மட்டும் தலையிடி. பெயர் மாற மாற ஒற்றும் மாறும், ‘முதலைத் தொகுதி’ சரி, ‘நாகத் தொகுதி’யில் ‘நாகம்’ என்ற பெயரே குறைகிறது. நிரலில் பெயரையும் ‘தொகுதி’யையும் தனித்தனியே ஒட்டாமல் ஒவ்வொன்றையும் முழுச்சொல்லாக எழுதித் தரச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், ஆனால் செய்கிறார்கள்.

அனுப்பியவர்: விளையாடுகிற தம்பி, வத்தளை

‘தொகுதியை உடைக்கிறது’. சொல்லிப் பார்த்தேன், வருகுது. ஆனாலும் நாங்கள் செட் என்றுதான் கதைப்போம் அக்கா.

அனுப்பியவர்: சென்னையிலிருந்து ஒரு வாசகர்

எங்களுக்கு அது செரிமான மண்டலம். தொகுதி என்றால் இங்கே எம்.எல்.ஏ. தவிர வேறொன்றும் தோன்றாது. தமிழகத்தில் இந்த விளையாட்டை வெளியிடும்போது மறுபடி கேளுங்கள்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கொட்டாஞ்சேனை

பெரும்பான்மை முடிவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. குழுவின் சொற்பட்டியலில் ‘தொகுதி’யை ஏற்றும்போது அதன் அருகே ‘கோவை (மாற்றுப் பரிந்துரை)’ என்று குறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அலுவலகத்தார் கோவையை அலுமாரியில் வைத்ததற்காக அந்தச் சொல்லை நாங்களும் அங்கேயே பூட்டிவிட வேண்டியதில்லை. ‘நாகத் தொகுதி’யில் மகரம் கெட்டதும் வல்லினம் மிகுந்ததும் சரியே, பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆற்றுப்படை பற்றிய மடல் தயாராகிறது.