இன்று இரவு கைப்பேசியை அணைக்க வேண்டுமா?

பெரியப்பா: இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காமா கதிர்கள் பூமியை நெருங்கிச் செல்லுமாம். கைப்பேசியை அணைத்துத் தள்ளி வைக்கும்படி நடைப்பயிற்சிக் குழுவில் செய்தி வந்திருக்கிறது. அனைவரும் கடைப்பிடிக்கவும்.

சித்தி: 2 மணிக்கு ரயிலிலிருந்து இறங்கும் உங்கள் தம்பி யாரை அழைப்பார்?

வசந்தி அத்தை: அண்ணா, இச்செய்தி பல ஆண்டுகளாக இதே நேரக் குறிப்புடன் சுற்றுகிறது. காமா கதிர் விண்வெளியிலிருந்து எந்நேரமும் வந்துகொண்டுதான் இருக்கிறது; வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவே வினாடிக்குச் சுமார் 30 முறை சுழலும் நியூட்ரான் விண்மீன், அதாவது சுருங்கி இறுகிய விண்மீன் கரு, அதை ஓயாமல் அனுப்புகிறது. திடீர் வெடிப்பாக வருவது வேறு வகை. மிகப் பெரிய விண்மீன் தன் எடை தாங்காமல் சரிந்து கருந்துளையாகும்போதோ, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணையும்போதோ அது பீறிடுகிறது. காமா கதிரும் ஒளியே என்பதால் அதை முந்திக்கொண்டு எந்தச் செய்தியும் வர முடியாது; வந்து சேர்ந்த பிறகே வந்தது தெரியும். அப்படியிருக்க 12.30 என்று மணி குறித்தவர் யார்?

கார்த்தி: பெரியப்பாவும் வானியல் அறிந்தவர்தான், அத்தை. 1995 அக்டோபர் 24 கிரகணத்தன்று எங்களை அறையில் பூட்டிவிட்டு, தாம் மட்டும் மாடிக்குச் சென்று பார்த்தார்.

பெரியப்பா: அது வேறு விஷயம். ஆபத்தே இல்லை என்கிறாயா, வசந்தி?

வசந்தி அத்தை: பதிவானவற்றிலேயே மிகப் பிரகாசமான வெடிப்பு 2022 அக்டோபர் 9 அன்று வந்தது. சுமார் 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தும் நம் காற்று மண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தைக் கலைத்தது. ஆனால் அன்று நீங்கள் கைப்பேசியில் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். காற்று மண்டலம் அக்கதிரைத் தரைவரை விடுவதில்லை. அதனால்தான் 1967இல் முதல் வெடிப்பைப் பதிவு செய்தவை, அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள். லடாக்கின் ஹான்லேயில் உள்ள 21 மீட்டர் தொலைநோக்கிகூடக் காமா கதிரை நேரே பார்ப்பதில்லை. அது காற்றில் மோதும்போது எழும் துகள் மழையின் நீல ஒளியைத்தான் பார்க்கிறது.

சித்தி: ரயில் நிலையத்துக்குப் போவது யார்?

பாட்டி: வசந்தி, உன் அப்பாவுக்கு மருத்துவமனையில் சிகிச்சைக்காக வைத்த கதிரும் இதுதானே?

வசந்தி அத்தை: ஆம், அம்மா. அது விண்மீனிலிருந்து வந்ததல்ல, கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகத்திலிருந்து வந்தது, கதிர் ஒன்றுதான்.

பெரியப்பா: சரி, நான் அணைக்கவில்லை. கூடத்து அலமாரியில் வைத்துவிடுகிறேன். தம்பி அழைத்தால் எடுக்கிறேன்.

கார்த்தி: அங்கே மணி அடித்தால் உங்களுக்குக் கேட்காதே, பெரியப்பா.