பாலமீன்மடுவில் சும்மா கிடந்த ரப்பாலாவை அடித்த கொடுவா

வாவிக்கரையான்:
போட்டது ரப்பாலா கம்பனியின் பழைய ஒரிஜினல் ப்ளோட்டர்தான், குஞ்சு மீன் போலப் பல்சா மரத்தில் செய்த மிதக்கிற லூர் (பொய் இரை). 11 சென்ரிமீற்றர், கறுப்பு முதுகு, வெள்ளி வயிறு. மட்டக்களப்பு வெளிச்சவீட்டுப் பக்கம், விடியப்புறம், நீர் வற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு சுற்றியும் ஒன்றும் தொடவில்லை. போன் அடித்தது, ரீலை நிற்பாட்டிவிட்டு எடுத்தேன். லூர் மேலே வந்து அசையாமல் கிடந்தது. அப்போதுதான் ‘டொப்’ என்று ஒரு சத்தம், லூர் கிடந்த இடத்தில் ஒரு குழி. கொடுவா முழு உடம்போடு மேலே எழும்பித் தலையை உதறியது. லூர் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். இழுக்கும்போது திரும்பியும் பார்க்காத மீன் சும்மா கிடந்ததை ஏன் எடுத்தது?

கல்லாற்றுப் பொடியன்:
இதில் விளங்காமல் என்ன இருக்கிறது அண்ணே? அந்த லூரைச் செய்ததே அதற்குத்தான். பின்லாந்தில் லவுரி ரப்பாலா 1936இல் தக்கையைச் சீவி, சொக்கலேட் சுற்றிய தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசிச் செய்த முதல் லூரின் வழி வந்தது இது. கூட்டத்தில் தடுமாறுகிற குஞ்சைத்தான் பெரிய மீன் பிடிக்கும் என்று கண்டவர் அவர். நீங்கள் வேகமாகச் சுற்றியிருப்பீர்கள். நான் கோட்டைக்கல்லாற்றில் 7 சென்ரிமீற்றரைக் கண்டல் வேரோரம் போட்டு, தடி நுனியால் இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். செம்பல்லி அடித்துக்கொண்டு நேரே வேருக்குள் போனது, தங்கூசி (நைலோன் நூல்) அறுந்தது. லூர் இன்னும் அந்த வேரில் தொங்குகிறது. தோணியில் போகிற நேரமெல்லாம் கண்ணில் படுகிறது, கிட்டப் போகத்தான் வழியில்லை.

அக்கரைப்பற்றுக் காக்கா:
தம்பி, நிறுத்து நிறுத்து என்று எல்லாருக்கும் சொல்லாதீங்க. பாரைக்கு நிறுத்தினால் அது வந்த வழியே திரும்பிவிடும். எனக்கு அப்படித்தான் காலடி வரை வந்த ஒன்று திரும்பிப் போனது. அதை விடுங்க, முடிச்சைப் பற்றி யாரும் பேசவில்லையே. லூரின் மூக்கு வளையத்தோடு இறுக்கி முடிந்தால் பல்சா மரத்தின் ஆட்டம் செத்துவிடும். முதலில் தங்கூசியில் ஒரு தளர்ந்த முடிச்சு, நுனியை வளையத்துக்குள் விட்டு, அதே முடிச்சு வழியே திருப்பி எடுத்து, தாய் நூலில் நாலைந்து சுற்று, மறுகா அந்த முடிச்சுக்குள்ளேயே விட்டு, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். சிறிய கண்ணி ஒன்று நிற்கும், அதில் லூர் தன்பாட்டில் ஆடும். கனமான சுவிவலை (சுழலும் உலோக இணைப்பை) நேரே மூக்கில் மாட்டினால் மூக்குக் கவிழும். லூர் ஒரு பக்கம் விலகி ஓடினால், மூக்கு வளையத்தைக் குறட்டால் எதிர்ப்பக்கம் மயிரளவு வளைத்துப் பாருங்க. அதிகம் வளைத்தால் வளையம் கழன்றுவிடும். 11 சென்ரிமீற்றர் வெறும் 6 கிராம், கச்சான் காற்றுக்கு எதிரே எறிந்தால் உங்கள் தலையில்தான் விழும். மெல்லிய நூல் போடுங்க.

வாவிக்கரையான்:
காக்கா, நான் கண்ணி முடிச்சுத்தான் போட்டிருந்தேன். கேள்வி அதுவல்ல.

குளத்துக்காரன்:
எல்லா அடியும் பசியால் வருவதில்லை. அம்பாறைப் பக்கம் ஒரு குளத்தில் சிவப்பாகத் திரண்டு நின்ற விரால் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் என் லூர் போய் விழுந்தது. பெரிய விரால் வாயை மூடிக்கொண்டே வந்து முட்டித் தள்ளியது. கொளுக்கி ஏறவே இல்லை. தள்ளிவிட்டுக் குஞ்சுகளுக்கடியில் போய் நின்றது. அதற்குப் பிறகு அந்த மூலையில் நான் எறியவில்லை. ஆனால் கொடுவா குழி விழ உறிஞ்சியிருக்கிறது என்றால் தின்னத்தான் வந்திருக்கிறது. போன் வராமல் இருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்கவே மாட்டீர்கள்.

கல்லாற்றுப் பொடியன்:
அதைத்தானே நானும் சொன்னேன்.